காலிமனையில் பூ ஓயாத விவரம்

தூத்துக்குடி,
கார்த்திகை மாதம், மழை விட்டு வெறித்த நாள்.

சென்னையில் சௌக்கியமாக இருக்கும் மாப்பிள்ளை செந்தூர்வேலுக்கு, அக்காள் புருஷன் மகாராஜன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. திருச்செந்தூரான் தயவில் இங்கே நானும் உன் அக்காள் வடிவம்மாளும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சி பானுப்ரியாவும் நலம் என்று உன் மகள் முத்துச்செல்வி போனில் சொன்னாள். என் நம்பரை நீ ப்ளாக் செய்து வைத்திருப்பதையும் அவள்தான் சொன்னாள். நல்ல பிள்ளை, எதையும் மறைப்பதில்லை. போன் போகாத இடத்துக்கும் கூரியர் போகும் என்பதால் இந்தக் கடிதம். போன தையில் அக்காளுக்கு நீ ஜிபேயில் அனுப்பிய பொங்கப்படிச் சீர் வந்து சேர்ந்தது. கரும்பும் மஞ்சள் குலையும் அதில் வராது என்பதால் அவற்றை நானே மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, மாமனார் உனக்கென்று விட்டுப்போன காலிமனையை விற்றுவிட வேண்டும், அதற்கு முன்னால் அதில் நிற்கிற உடைமரம், வேம்பு, பனை, முருங்கை எல்லாவற்றையும் எடுத்துத் தரை தெரியும்படி செய்து வைக்க வேண்டும் என்று அதே தையில் என்னிடம் சொன்னாய். நானும் ஆகட்டும் என்றேன். இப்போது கார்த்திகை நடக்கிறது. தரை தெரியவில்லை. அத்தான் வேண்டுமென்றே கெடுக்கிறார், மனையை அமுக்கப் பார்க்கிறார் என்று நீ சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவருவதாகக் கேள்வி. எனக்கு அதில் வருத்தமில்லை. காலமெல்லாம் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்தவன். கருப்பட்டியில் மண் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதையே வாங்கிப்போகிறவர்களைப் பார்த்தவன். ஆனால் நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்லிவிட்டால் தப்பு யார் மேல் என்று உனக்கே விளங்கும். தப்பு பூவின் மேல்.

கடையை மகன் சத்தியராஜிடம் ஒப்படைத்தபின் எனக்குப் பொழுது போகவில்லை. கடைக்குப் போனால் அவன் எழுந்து நிற்கிறான், வியாபாரம் நிற்கிறது. அதனால் தேனீ வளர்ப்புப் பயிற்சி என்று ஒரு நோட்டீஸைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். வடிவும் துணைக்கு வந்தாள். எந்த மாதம் என்ன பூக்கும், ஈ எதற்குப் போகும், பூ இல்லாத காலத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்றெல்லாம் ஒருவர் விளக்கமாகச் சொன்னார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த பாடம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. வரும்போது ஈயோடு சேர்த்து நாலைந்து பெட்டிகள் வாங்கி வந்தேன். ஈயை விரட்டியே சம்பாதித்தவன் நான். காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் இடமில்லாததால் பெட்டிகளை உன் மனையில் வைத்தேன். நீ விற்கப்போவதாகச் சொல்வதற்கு முன்னால், காலியாகத்தானே கிடக்கிறது என்று வைத்தது.

நீ சொன்ன வார்த்தையை நான் தட்டவில்லை. தையிலேயே ஜேசிபி ஓட்டுகிற பெனிஸ்டனைக் கூப்பிடப் புறப்பட்டேன். வடிவுதான், தையில் முகூர்த்தம் அதிகம், வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் கூப்பிடுவார்கள், மாசியில் வரச் சொல்லுங்கள் என்றாள். நியாயமாகப் பட்டது. மாசியில் பெனிஸ்டன் வண்டியோடு வந்தார். வந்து பார்த்தால் சீமையுடை மொத்தமும் மஞ்சள் மஞ்சளாகக் குச்சிப்பூ பூத்துக் கிடக்கிறது, ஒவ்வொரு குச்சியிலும் ஈ. சத்தம் மட்டும் மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. பெனிஸ்டன் வண்டியை ஆப் செய்தார். ஈயின் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. கடலோரத்துப் பிள்ளை, புயலில் படகோடு போய்த் திரும்பியவர், எதற்கும் அசைய மாட்டார். ஆனால் கீழே இறங்கவே இல்லை. “அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. பூ கொட்டட்டும், வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே ரோடுவரை ஓட்டிப் போய்விட்டார். வடிவு அவருக்கென்று போட்ட காபியை நான் குடித்தேன்.

சரி, உடைக்குத்தானே ஜேசிபி வேண்டும், வேம்புக்குக் கோடாலி போதுமே என்று பங்குனியில் மரம் வெட்டுகிற ஆள் ஒருவரைப் பிடித்தேன். அவர் வந்த அன்று வேம்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஈ, கீழே உன் அக்காள். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், வருஷம் பூராவும் ரசத்துக்கும் பூ வேண்டும் என்று பழைய சேலைகளை விரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மரம் உன்னுடையது, உதிர்ந்த பூ அவளுடையது, உதிராத பூ ஈயினுடையது. இதில் வெட்டச் சொல்ல எனக்கு எங்கே பாத்தியதை இருக்கிறது? வெட்ட வந்தவரிடம் அவள் எழுந்திருக்காமலே, பூ உதிர்கிற வேம்பில் கோடாலி வைத்தால் வைத்தவர் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னாள். அப்படி ஒரு சாஸ்திரம் நான் கேள்விப்பட்டதே இல்லை. வெட்ட வந்தவர் கேள்விப்பட்டிருந்தார் போலிருக்கிறது. தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்தது சித்திரை. இது உனக்கே தெரியும், நீயும் இருந்தாய். ஆனாலும் உன் கோபத்தில் சில விவரங்கள் உனக்குத் தப்பிப் போயிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். மரத்தோடு இருந்தாலும் பரவாயில்லை, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று உப்பளம் வைத்திருக்கும் பார்ட்டி ஒருவர் வந்தார். நீயும் பத்திரப் பதிவுக்கென்று ரயிலேறி வந்தாய். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, மனையிலேயே உட்காரவைத்துப் பதநீர் கொடுங்கள், இடமும் பிடிக்கும் என்று யோசனை சொன்னவள் வடிவு. எனக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. பனைக்குக் கீழே நாற்காலி போட்டு ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றி நுங்கு வெட்டிப் போட்டுக் கொடுத்தோம். மேலே பாளைக்குப் போய்க்கொண்டிருந்த ஈக்கள் கீழேயும் அதே வாசனை வருவதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் குடிக்கிற ஆள். மேலுதட்டில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று. பத்திர ஆபீஸில் கேமரா முன்னால் உட்கார வேண்டும் அல்லவா. ஆதாரில் இருக்கிற முகத்துக்கும் அந்த மதியம் இருந்த முகத்துக்கும் மூக்கு ஒன்றுதான் பொதுவாக இருந்தது. அவரே கண்ணாடியில் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாயால் சொல்ல முடியவில்லை.

ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் மறுநாளும் நீ தங்க வேண்டியதாயிற்று. வடிவு திரேஸ்புரத்துக்கு ஆள் அனுப்பிச் சீலா மீன் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். நீ கத்திக்கொண்டே சாப்பிட்டாய், அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள். கத்துகிறவனுக்குப் பசிக்கும் என்று சொல்லி நடு முள்ளில்லாத துண்டாகப் பார்த்து வைத்தாள். நான் மீன் தலையோடு திருப்தியடைந்தேன். இவ்வளவு நஷ்டத்துக்கு நடுவில் அவள் முகம் தெளிவாக இருந்ததைப் பார்த்து, பெண்களுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஆடி. எதிர்வீட்டு ஆக்னஸ் டீச்சரை உனக்குத் தெரியும். அவர் தம்பி கிளாட்வின் கப்பலில் இன்ஜினியர். பனிமய மாதா திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தார். கரையோடு வந்துவிடலாம் என்று எண்ணம், அக்காள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று உன் மனையைக் கேட்டார். மரமும் இருக்கட்டும், எனக்கு இத்தனை வருஷம் தண்ணீரைப் பார்த்து அலுத்துவிட்டது என்றார். இப்படி ஒரு பார்ட்டி யாருக்குக் கிடைக்கும்? நானும் உனக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆடியில் இங்கே அடிக்கிற காற்று தெரியுமே, உப்பளத்து உப்பு பறந்துவந்து உதட்டில் கரிக்கும். அந்தக் காற்றில் ஒரு பூ நிற்காது. ஈக்கள் பெட்டி வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது, கடையில் நானும் ஆடி மாதத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். சீனியைக் கரைத்து வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதாக லேசாக ஞாபகம். வடிவைக் கேட்டேன். நம்ம கடைக் கருப்பட்டி குவிந்து கிடக்கும்போது வெள்ளைச் சீனியா என்று ஒரே கேள்வி கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று தலைமுறையாக வெள்ளைச் சீனி விஷம் என்று சொல்லி விற்ற குடும்பம். முதல் தரமான உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துக் கரைத்து, சுக்குகூடத் தட்டிப் போட்டு வைத்தேன்.

கருப்பட்டி தின்றால் தேனீக்கு வயிறு போகும். இது எனக்குத் தெரியாது. எந்தப் பிராணிக்கும் கருப்பட்டியால் கெடுதல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆக்னஸ் டீச்சர், மாதா கோயிலில் பூசைக்கு உதவியாக நிற்கிற பீடச்சிறுவர்களின் வெள்ளை அங்கிகளையெல்லாம் திருவிழாவுக்காக வெளுத்துக் கஞ்சி போட்டு மொட்டை மாடியில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார். காற்று அந்தப் பக்கமாக அடித்தது. சாயங்காலம் ஓர் அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி முழுவதும் மஞ்சள் பொட்டு.

“அண்ணாச்சி, இது என்னன்னு மட்டும் சொல்லிருங்க. கோவப்படணுமா வேண்டாமான்னு நான் அப்புறமா முடிவு பண்ணிக்கிடுதேன்” என்றார்.

சொன்னேன். சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, மாதாவுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார். வடிவு அன்று ராத்திரிக்குள் அங்கிகள் பூராவையும் எலுமிச்சம்பழம் தேய்த்துத் துவைத்துக் கொடுத்தாள். கிளாட்வினுக்கும் அவள்தான் ஆறுதல் சொன்னாள். ஒவ்வோர் ஆடிக்கும் இப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். ஆறுதல் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கிளாட்வின் திருவிழா முடிந்த கையோடு கப்பலேறிவிட்டார். அதன் பிறகு ஈயைப் பற்றி ஆக்னஸ் டீச்சரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.

ஆக மாப்பிள்ளை, என் நிலைமையை யோசித்துப் பார். இப்போது மழை விட்டு மனை முழுவதும் தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. குடை மாதிரி விரிந்த பழைய உடை மரம் அதற்கு மேலே பூத்து நிற்கிறது. பெட்டிகள் இருக்கின்றன, பூ இருக்கிறது. இந்த நேரத்தில் ஜேசிபியை விடுவது தர்மமா என்று உன்னையே கேட்கிறேன். பூ இல்லாத மாதமாக ஒன்று வரட்டும், நானே முன்னால் நின்று சுத்தம் செய்து தருகிறேன். அதுவரை சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது. நிறுத்த வேண்டாம், உனக்கும் பொழுது போக வேண்டும்.

முத்துச்செல்வி நன்றாகப் படித்து நல்ல மார்க் வாங்க வேண்டும். தங்கச்சிக்கு முட்டுவலி தேவலை என்று கேட்டுச் சந்தோஷம். உன் பிரஷர் இறங்கவும், உன் போனில் என் பேர் மறுபடி ஏறவும் செந்திலாண்டவனை வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
மகாராஜன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை வடிவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “பெட்டி இருக்கு, பூ இருக்குன்னு எழுதியிருக்கிய. ஈ இருக்குன்னு எழுதலையே” என்றாள். ஈ இல்லை என்பது உண்மை. வயிறு சரியான கையோடு அத்தனையும் ஆடிக்காற்றில் கிளம்பிப் போய்விட்டன. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் காலையில் போய்ப் பெட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வருவது பழக்கத்தினால்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். “கிளாஸ்ல நீங்க உறங்குனிய, நான் உறங்கல. மாசியில உடை பூக்கும்னு தெரிஞ்சுதான் பெனிஸ்டனை மாசியில வரச் சொன்னேன். பதனியும் தெரிஞ்சுதான் குடுக்கச் சொன்னேன். கருப்பட்டி வைக்கச் சொன்னதுதான் பாவம், ஈ போவும்னு நெனைக்கல, அதுக்கு நான் ரெண்டு நேரம் சாப்பிடல. அந்த மண்ணையும் வித்துட்டான்னா அவனுக்கு இங்கன என்ன சோலி இருக்கு? சண்டை போடவாவது வருசத்துக்கு ஒருக்க வாரான்லா. தீவாளிக்கும் வரல. பணம் அனுப்புதான். பணத்துக்கு நான் சீலாக் கொழம்பா வைக்க முடியும்?”

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ மேலே படித்ததை எல்லாம் மறந்துவிடு. ஈ போய்விட்டது, இனிமேல் மரத்தைக் காப்பாற்ற எனக்குக் காரணம் இல்லை. தையில் பெனிஸ்டனை வரச் சொல்லிவிடவா என்று அவளிடமே கேட்டேன். ஜன்னலைத் திறந்து மனையைப் பார்த்தாள். பிறகு, தையில் முருங்கை பூக்கும் என்றாள்.

நீயே வந்து பேசிக்கொள். வரும்போது கரும்பை நீயே சுமந்துகொண்டு வா.