பத்தாம் நம்பர் கிடா பற்றிய ஒப்புதல்

நாகலாபுரம்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியை கிருஷ்ணவேணி அம்மா அவர்களின் சமூகத்திற்கு, தங்களிடம் ஆராய்ச்சி படிக்கும் இசக்கிசெல்வியின் தகப்பன் பூவனலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் மனைவி வள்ளித்தாயும் ஒன்பது ஆடுகளும் சுகம். பத்தாவது ஆட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கரிசல் காட்டில் ஆடுகள் எங்கெங்கே மேய்கின்றன என்று பார்க்க, நம் பத்து ஆடுகளின் கழுத்திலும் ஜி.பி.எஸ். பட்டை கட்டச் சொன்னீர்கள். ஒன்பதைப் பெட்டை ஆடுகளுக்குக் கட்டினேன். பத்தாவதைச் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்குக் கட்டினேன். செல்விக்கு ஆராய்ச்சி சீட் கிடைத்தால் கிடா தருவதாகச் சுடலைமாடனிடம் சொல்லியிருந்தேன். நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் கட்டிப்போட மாட்டார்கள், எந்தப் புஞ்சையில் வாய் வைத்தாலும் விரட்ட மாட்டார்கள். அதனால் உங்கள் சாமான் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆராய்ச்சி ஆறு மாதம் என்றார்கள், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா மூன்றாம் மாதமே வந்துவிட்டது. சாமியிடம் தவணை கேட்க முடியுமா அம்மா? வெட்டிவிட்டோம்.

"ஒரு நம்பர் நின்னாலும் என் வருசம் போயிரும்ப்பா" என்று செல்வி முதலிலேயே சொல்லியிருந்தாள். இன்னொரு பெட்டைக்குக் கட்டலாம் என்றால், உங்கள் நோட்டில் பத்தாம் நம்பர் ஆண் என்று எழுதியிருக்கிறது. பொய் சொல்ல மனம் வரவில்லை. நானும் ஆண்தானே என்று பட்டையை என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கிடா போன வழியெல்லாம் போகிறேன். காலையில் சம்சுதீன் பாய் கடை, அப்புறம் பருத்திக் காடு, பள்ளிக்கூட வேலி, கண்மாய்க் கரை. கிடாவுக்கு வாழைப்பழத் தோல் போட்ட பாய், எனக்கு டீ தந்து, "என்ன அண்ணாச்சி, காணாமப் போன ஆட்டைத் தேடுதீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் கயத்தாறில் ஒரு கல்யாணம், மறுநாள் மணியாச்சியில் ரயிலேறி, துட்டி கேட்க ஒரு சாவு வீடு. பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். ரயிலில் இருக்கும்போதே செல்வி போன் செய்தாள்.

"அப்பா, பத்தாம் நம்பர் எங்கன நிக்குது?"

"பக்கத்துலதான் தாயி, தழை தின்னுட்டு நிக்குது."

"சரி, தண்ணி காட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியாம். வெள்ளாடு ரயில் வேகத்தில் போனது ஏன் என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? தப்பு முழுவதும் என்னுடையது. அவள் படிப்பில் கை வைத்துவிடாதீர்கள் அம்மா. பட்டை இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் மீதி நாளும் நடந்து தருகிறேன்.

தங்கள் குடும்பமும் தங்களிடம் படிக்கும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்தச் சுடலைமாடனையே வேண்டிக்கொள்ளும்,
பூவனலிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செல்வி ஊருக்கு வந்து இதைப் படித்துவிட்டாள். கொடை அன்றைக்கே பத்தாம் நம்பரை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாளாம், தங்களுக்கும் தெரியுமாம். "பொறவு ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "சுகருக்கு நடக்கணும்னு டாக்டர் நாலு வருசமாச் சொல்லுதாரு. ஆடு மேய்க்கவும் அம்மாதான் போனா. நீங்க கட்டில விட்டு எறங்குனீங்களா? இப்ப தெனமும் ஒம்பது கிலோமீட்டர். நீங்க நடந்ததத் தனியா எழுதி வச்சிருக்கேன். பட்டையக் கழத்திராதீங்க" என்றாள். கோபம் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் அம்மா. பட்டை பல்கலைக்கழகத்துச் சொத்து, உடனே திருப்பி அனுப்பு என்று மட்டும் எனக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் போடுங்கள்.