பைன் மரக் காளானும் என் சீனி வருத்தமும்

வென்ட்வேர்த்வில்,
ஆகஸ்ட் 2011

அன்புள்ள மச்சான் வரதராஜாவுக்கு,

அந்தோனியார் கிருபையில் நானும் உம்முடைய தங்கை அன்னமலரும் சுகம். உம்முடைய ஊரான பொயிண்ட் குக்கின் குளிரிலும் நீர் சளி பிடிக்காமல் இருக்க மன்றாடுகிறேன். இனி விசயத்துக்கு வாறன்.

எங்கள் பின்வளவுப் பைன் மரத்தின் அடியில் தட்டுத் தட்டாய்க் காளான் முளைத்திருக்கிறது என்று ரெலிபோனில் சொன்னேன். அப்போது நீர், "அந்த மாதிரிக் காளானிலை மருந்துக்குணம் இருக்கோ எண்டு ஆராயினம், எலிக்குக் குடுத்துப் பாக்கினம்" என்றீர். எலிக்கு ஆகுமென்றால் ஜெயசிங்கத்துக்கு ஆகாதா? அன்றைக்கே சீனி வருத்தத்துக்கு டொக்ரர் தந்த குளிசையைக் குப்பைவாளிக்குள் எறிந்துபோட்டு, காளானை வெட்டி அன்னமலரிடம் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாலும் காலையும் மாலையும் கசாயம் வைத்துத் தருகிறாள். வேப்பெண்ணெய் தோற்றுவிடும், அப்படி ஒரு கைப்பு. ஆனால் போன கிழமை இரத்தம் சோதித்த டொக்ரர், "வெரி குட் அங்கிள், இப்பிடியே தொடருங்கோ" என்றார். தொடராமல் விடுவேனா?

மாதா கோயிலில் பூசை முடிய இதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. மறுநாளே மூட்டுவலிக்கென்று பவளம் அன்ரி போத்தலோடு வந்தா, மயிர் கொட்டுதென்று பாஸ்கர் வந்தான், எல்லோருக்கும் அன்னமலர் குசினிக்குள் போய் ஊற்றிக் கொடுத்தாள், எல்லோரும் குணமென்கிறார்கள். இந்த நேரம் பார்த்து எந்தக் கோள்மூட்டியோ மரம் பழுதென்று நகரசபைக் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டான். ஒரு வெள்ளைக்காரன் வந்து மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, காளான் உள்ளுக்கெல்லாம் தின்றுவிட்டது, காற்றடித்தால் உங்கள் படுக்கையறைக்கு மேலே விழும், வெட்டவேண்டும் என்கிறான். மருந்து தருகிற மரத்தை! நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், சேட்டெல்லாம் பிசின். பக்கத்துவீட்டுக் கிரேக்கக் கிழவனின் வேலைதான் இது, அவனோடு கதையை விட்டிட்டன்.

மச்சான், நீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஆள். இது அரிய மருந்துக் காளான், மரத்தில் கைவைக்கக்கூடாது என்று கவுன்சிலுக்கு இங்கிலிசில் நாலு வரி எழுதி அனுப்பும். புதன்கிழமை வெட்ட வருகிறார்கள். மரம் போனால் நானும் போனேன்.

மாதாவின் காவல் உம்முடைய வீட்டு வாசலை விட்டு விலகாதிருப்பதாக.

உம்முடைய மச்சான்,
ஜெயசிங்கம்

பி.கு.: அண்ணா, நான் அன்னமலர். உறையை ஒட்டித் தபாலிலை போடச் சொல்லி இவர் தந்தவர், ஒட்ட முன்னம் எழுதிறன். அந்தக் காளான் ஒரு துண்டும் பானைக்குள்ளை போகேல்லை. வாற ஆக்களுக்கு வெறும் மல்லித்தண்ணி. இவருக்கு மட்டும் அதிலை பாவக்காய்ச் சாறும், எறிஞ்ச குளிசையை எடுத்துப் பொடியாக்கியும் கலக்கிறன். டொக்ரரைக் கேட்டுத்தான் செய்யிறன். மரம் விழுமெண்ட பயத்திலை கவுன்சிலுக்கு ரெலிபோன் அடிச்சதும் நான்தான், நம்பர் தந்தது கிரேக்கக் கிழவன்.

உண்மையைச் சொன்னால் கசாயத்தையும் விட்டுப்போடுவார். போன வருசம் குளிசை போடாமல் ஸ்ரேசனிலை மயங்கி விழுந்தவர், எனக்கு இப்பவும் பயமாய்க் கிடக்கு. நீங்கள் கவுன்சிலுக்கு எழுதாமல் இவருக்கு எழுதுங்கோ, மரத்தை வெட்டிக் காளானை நிழலிலை காயவைச்சால்தான் முழு வீரியமும் வருமெண்டு. பொய் எண்டு யோசியாதேங்கோ அண்ணா, உங்கடை பங்குக்கும் சேர்த்து நானே சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யிறன்.