மைத்துனருக்கு, அவருடைய மோட்டார் சைக்கிளின் உடல்நிலை குறித்து

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் நலம். இடமில்லை என்று நீங்கள் எங்கள் ஷெட்டில் விட்டுப் போன பழைய மோட்டார் சைக்கிள்தான் நலமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து அதை எடுத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களைப் பற்றிய கவலைதான், வேறொன்றுமில்லை.

விஷயம் இதுதான். கிளட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. லீவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாலும் வண்டி நிற்காமல் துள்ளி ஓடுகிறது. முதல் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு டீச்சரின் துணிக்கொடிக்குள் புகுந்து, அவர் கணவரின் சட்டையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தது. கேபிள் தொய்ந்திருக்கும் என்று முறுக்கினேன், கேபிள் அறுந்தது. புதுக் கேபிள் போட்டேன், லீவர் உடைந்தது. ஆயில் பழசாகிப் பசையாகிவிட்டதோ என்று அதை மாற்றப் போனால், பழைய ஆயிலைப் பிடிக்க அடியில் நான் வைத்தது உங்கள் தங்கை அன்றுதான் வாங்கிய பாத்திரம் என்று பிறகு தெரிந்தது. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. கடைசியில் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன், லீவரை மாற்றினார். பல மாதம் ஓட்டாமல் வைத்ததால் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றார். “சும்மா இருந்தா யாரா இருந்தாலும் இப்படித்தான் சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ரிட்டயர் ஆன மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது?

ஆகவே இந்த நிலையில் அதை ஓட்டிப் போவது உங்கள் முழங்காலுக்கு ஆகாது. இங்கேயே ஒரு மூலையில் கிடக்கட்டும். எங்களுக்குத் தொந்தரவுதான், ஆனாலும் சொந்தமென்று வந்த பிறகு பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே. தாங்கள் பஸ்ஸில் வந்து, பஸ்ஸிலேயே திரும்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, தபால்ல போடச் சொல்லி இதை என்கிட்டதான் குடுத்தார். கவர் ஒட்டாம இருந்துச்சு, படிச்சுட்டேன். கிளட்ச் போன மாசமே சரியாயிடுச்சு. நீ தினமும் லீவரைப் பிடிச்சுக்கிட்டு பத்து உதை உதைச்சிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவே, அது ஞாபகம் வந்துச்சு. நான்தான் உதைச்சேன், ஒட்டினதெல்லாம் விட்டுப்போச்சு. அதுலேருந்து தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வரோம். ரெண்டு வருஷமா நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், இப்போ மூணு மணிக்கே சட்டையை மாட்டிக்கிட்டு “கிளம்பலாமா?”ன்னு வாசல்ல வந்து நிக்கிறார். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வா. வண்டியைக் கேட்டா மறுபேச்சில்லாம குடுத்துடுவார். கேக்காதேண்ணா.