சேர்மனும் சந்தைக் கக்கூசும்

கூட்டம் கூட்டித் தீர்மானம் போடாமல் ஒரு மனிதர் தும்மக்கூட மாட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒஸ்லோ ஓரத்தில் இருக்கும் ரொம்சோசுக்கு வந்து எந்தத் தமிழரையாவது பிடித்துக் கேளுங்கள். "ஆர், எங்கடை சேர்மனோ?" என்று சிரித்துக்கொண்டு தொடங்குவார்கள். நீங்கள் ஏற வேண்டிய ரயில் போய், அதற்கு அடுத்ததும் போய்விடும்.

சேர்மன் என்பது நாங்கள் வைத்த பட்டம். அவர் தன் வாழ்நாளில் எந்தச் சபைக்கும் தலைவராக இருந்தவரல்ல. ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். இளம் வயதில் ஊரில் கிராம சபைக் கூட்டம் நடக்கும்போது யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று கேட்பாராம். அப்போது பிடித்த பித்து, பனிக்குளிர் தேசத்துக்கு வந்தும் இறங்கவில்லை.

அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலே வாக்கெடுப்பில்தான் முடிவாகும். "மீன் குழம்புக்கு ஆதரவானவை கையை உயர்த்துங்கோ. கத்தரிக்காய்க்கு? நடுநிலை ஆராவது?" இஞ்சையே பிறந்த மகள் கரண்டியும் கையுமாகக் கத்துவாள். "அப்பா, இது ஜெனரால்ஃபொர்சாம்லிங் இல்லை, சாப்பாடு!" நோர்வேக்காரர் தங்கள் பொதுக்கூட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கவே பாதிப் பசி போய்விடும். சேர்மனுக்கு மட்டும் பசி எடுக்கும்.

அவர் குடியிருந்த மாடிக்கட்டடத்துக்கும் ஆண்டுதோறும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. மற்றவர்கள் அங்கே தரும் வாஃபல் அப்பம் சாப்பிடுவதற்காக வருவார்கள். சேர்மன் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து குந்துவார். குப்பை அறைக் கதவைப் பற்றி அவர் பேச எழும்பினால், பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா பையிலிருந்து கம்பளி நூலை எடுத்துப் பின்னத் தொடங்குவார். அவர் பேசி முடிக்கையில் சுவெட்டருக்கு ஒரு கை முளைத்திருக்கும்.

எனக்கு ஒருமுறை பொறுமை போய்விட்டது. "அண்ணை, கதவு பூட்டுப்படேல்லையெண்டா ஒரு ஆணியை அடிச்சாச் சரிதானே. அதுக்கேன் இவ்வளவு பிரசங்கம்?" என்று கேட்டேன்.

"தம்பி, இஞ்சை குப்பை ஏன் நேரத்துக்கு எடுபடுது? நோர்வேக்காரன் எங்களிலும் நல்லவன் எண்டோ? எடுக்காட்டி ஆரைப் பிடிச்சுக் கேக்கிறதெண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கடை ஊரிலை நீ ஆரைக் கேப்பாய்?"

போர் முடிந்த பிறகு எங்கள் ஊரில் வீடுகளைவிடப் பெயர்ப்பலகைகள்தான் வேகமாக முளைத்தன. கிணறு ஒரு நாட்டுக்காரர் தந்தது, றோட்டு இன்னொரு நாட்டுக்காரர் போட்டது, வாசிகசாலைக் கூரை கனடாவில் இருக்கும் பழைய மாணவர் கொடுத்தது. குழாயில் தண்ணி வராவிட்டால் சனம் பிரதேச சபைக்குப் போகாது. பலகையைப் பார்த்து எந்த நாட்டுக்குப் போன் எடுப்பது என்று யோசிக்கும். சபையும் அதை நன்றாகப் பழகிக்கொண்டு, முற்றத்தில் சில்லில்லாத உழவு இயந்திரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ச் சந்தையில்தான் சேர்மனின் அக்கா மரக்கறி வித்தா. புருசன் போரில் போன பிறகு அந்த வியாபாரம்தான் அவவுக்குச் சீவியம். தம்பி அனுப்பும் காசை வாங்க ரோசம் விடாது. சந்தையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. விடியப் போனால் வெயில் ஏறும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக அந்தப் பெண்கள் தண்ணியே குடிப்பதில்லை.

இது எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒஸ்லோக் கிளைக்குத் தெரிய வந்தது. உடனே எல்லோருக்கும் இரக்கம் பொங்கியது. கட்டிக் கொடுப்போம் என்றார் தலைவர். அவர் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர். மடியை அவிழ்த்துக் கொடுப்பார், கொடுத்ததைப் படமும் எடுப்பார்.

சேர்மன் எழும்பினார். "கட்டுறதுக்கு நான் எதிரில்லை. சபை கட்டட்டும். நாங்கள் சபைக்குக் குடுப்பம்."

மண்டபம் சிரித்தது. "சபையோ? அவங்கள் அத்திவாரம் வெட்ட எங்கடை பேரப்பிள்ளையள் பென்சன் எடுத்திடுங்கள்!"

"மெதுவாத்தான் செய்வாங்கள். பிழையும் விடுவாங்கள். நாங்கள் வெளியிலையிருந்து எல்லாத்தையும் செய்து குடுத்தா, அவங்கள் எப்ப பழகிறது? நாங்கள் செத்தாப் பிறகு ஆர் கூட்டுறது, ஆர் கழுவுறது?"

தலைவருக்கு முகம் கறுத்தது. "நீங்கள் சட்டம் கதைச்சு முடிய உங்கடை அக்காவுக்கு என்னாகுமெண்டு யோசிச்சியளோ?"

அது நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். சேர்மன் மெல்லக் கதிரையில் குந்தினார். வாக்கெடுத்தார்கள். சபைக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு மண்டபத்தை விட்டுப் போயிருப்பார், புதுச் சங்கமும் தொடங்கியிருப்பார். எங்கள் ஆட்களுக்கு அது கைவந்த கலை. சேர்மன் என்ன செய்தார் தெரியுமா? "தீர்மானம் நிறைவேறிட்டுது. இனி இது என்ரை தீர்மானமும்தான்" என்று சொல்லி, கோடை விடுமுறையில் தன் செலவில் ஊருக்குப் போனார். வெயிலில் குடையோடு நின்று மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அந்தக் கட்டடத்தை எழுப்பி முடித்தார். கறுத்துப்போய்த் திரும்பி வந்தவரை வீட்டில் மனிசிக்கே அடையாளம் தெரியவில்லையாம்.

திறப்பு விழாவுக்குத் தலைவர் பட்டுவேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் நாடா வெட்டினார். வாசலுக்கு மேலே எங்கள் பெயர்களெல்லாம் பொறித்த பளிங்குப் பலகை. றோட்டால் போகிற பஸ்ஸில் இருந்தே வாசிக்கலாம். ஒஸ்லோவில் எல்லோரும் அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கி அவரவர் பெயரைத் தேடினோம்.

பிறகுதான் விளையாட்டுத் தொடங்கியது. பல்ப் எரியாவிட்டால் ஊரிலிருந்து லில்லெஸ்ட்ரோம் கடைக்குப் போன் வரும். தலைவர் ஒரு கையால் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்தபடி இலங்கையில் எலக்ட்ரீசியன் தேடுவார். பல்ப் முடியக் குழாய், குழாய் முடியத் தாழ்ப்பாள். கடைசியில், பூட்டின் திறப்பை வைத்திருந்த பராமரிப்பாளருக்குக் கனடா விசா கிடைத்தது. மனிதர் பெட்டியோடு திறப்பையும் கொண்டுபோய்விட்டார்.

பூட்டை உடைத்துத் தரும்படி சனம் சபையைக் கேட்டது. "எங்களிட்டை ஒருத்தரும் கையளிக்கேல்லையே. அது நோர்வேயின்ரை. நோர்வேயைக் கேளுங்கோ" என்றது சபை. சட்டப்படி சரியான பதில். ஊரில் அந்தக் கட்டடத்துக்கு 'ஒஸ்லோ' என்றே பெயர் விழுந்துவிட்டது. "எங்கையக்கா போறியள்?" "ஒஸ்லோவுக்குப் போவமெண்டா விசா கிடைக்கேல்லை!" இப்படிச் சந்தைப் பெண்கள் ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு, தண்ணி குடிக்காமலே வியாபாரம் செய்தார்கள்.

'அப்பவே சொன்னனானே' என்று சேர்மன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்குப் போய், பிரதேச சபையின் ஒவ்வொரு அமர்விலும் பார்வையாளர் வாங்கில் குந்தினார். உறுப்பினர்கள் கொட்டாவி விட்டால் முறைப்பார். வராதவரின் வீட்டுக்கே போய், "ஏன் வரேல்லை? உமக்கு வாக்குப் போட்டது சனம்" என்று கேட்பார். அவர் தொல்லை தாங்காமலோ, அல்லது உண்மையிலேயே வெட்கப்பட்டோ, சபை அந்தக் கட்டடத்தைப் பொறுப்பெடுத்தது. புதுப் பூட்டுப் போட்டு, கூட்டிக் கழுவ ஒரு ஆளையும் நியமித்தது. அன்று அவர் எனக்குப் போன் எடுத்துச் சிறுபிள்ளை போலச் சிரித்தார். "சபை செய்திட்டுது தம்பி! எங்கடை சபை!"

ஆனால் ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை.

சேர்மனுக்கு விளங்கவேயில்லை. தண்ணி வருகிறது, லைற் எரிகிறது, கதவு திறந்து கிடக்கிறது, பிறகென்ன? சபையை நெருக்கி, சந்தைப் பெண்களோடு ஒரு கூட்டம் வைக்கச் செய்தார். அக்கா அப்போது சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டா. காலும் முகமும் வீங்கி, இரண்டு சிறுநீரகமும் பழுது என்று ஆசுப்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என்றாலும் தம்பி கூட்டுவித்த கூட்டம் என்று ஓட்டோ பிடித்து வந்து கடைசி வாங்கில் இருந்தா. மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டிருக்க, அவதான் எழும்பினாவாம்.

"கதவு றோட்டைப் பாத்துக் கிடக்கு. நேரெதிரை பஸ் நிலையம். ஊர் ஆம்பிளையள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்கை அதுக்குள்ளை எப்பிடிப் போறது? ஆராவது போவாளவையோ? முந்தித் திறந்து கிடக்கேக்கையும் ஒருத்தியும் போகேல்லை."

கதவு ஏன் றோட்டைப் பார்த்தது? எங்கள் பெயர்ப்பலகை றோட்டைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் ஒஸ்லோவில் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம். பலகை இருக்கிற பக்கம்தான் வாசல். அந்த வாசலை மட்டம் பிடித்து வைப்பித்தவர் சேர்மன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அந்தக் கோடை முழுக்க அவர் தங்கியிருந்ததும் அக்கா வீட்டில்தான். இரவுச் சாப்பாடு போட்டுக் கொடுத்ததும் அக்காதான்.

"ஏனக்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்று அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம்.

"நீ கேட்டனியோ?"

அவ கோபத்தில் சொல்லவில்லையாம். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாவாம். இதை எனக்குப் போனில் சொன்னது சேர்மன்தான். "தம்பி, நான் எத்தினை கூட்டத்திலை கையை உயர்த்தியிருப்பன். அவவிட்டை ஒருநாள் கேக்கேல்லையே" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

சபை அந்த வாசலை அடைத்து, பின்பக்கம் வேலி மறைவில் புது வாசல் வைத்துவிட்டது. இப்போது பெண்கள் தாராளமாகப் போய்வருகிறார்களாம், தண்ணியும் குடிக்கிறார்களாம். ஊருக்கு ஒரு நல்லது நடந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்கப் பெரியாசுப்பத்திரிக்குப் போகிறா. கூட்டிப்போவதும், வாசலில் காத்திருப்பதும், கூட்டிவருவதும் சேர்மன்தான். மனிசியும் ஒஸ்லோவிலிருந்து போய் அவரோடு நின்றுவிட்டா.

இங்கே எங்கள் சங்கக் கூட்டங்கள் மளமளவென்று முடிகின்றன. எதிர்த்துப் பேச ஆளில்லை. எதைக் கொண்டுவந்தாலும் ஏகமனதாக நிறைவேறுகிறது. அதைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. போன மாதம் தலைவரே என்னைத் தனியே கூப்பிட்டு, "மனுசனை ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லுமன். ஒண்டுக்கும் ஆரும் மாட்டன் எண்டு சொல்லுறாங்களில்லை, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

நான் போன் எடுத்தேன். "அண்ணை, ஆண்டுக் கூட்டத்துக்கு வாறியளோ? சண்டை பிடிக்க ஆளில்லாமல் கிடக்கிறம்."

மறுபக்கம் எங்கோ ஒரு சட்டிமூடி விழுந்து உருண்டது.

"பொறும் தம்பி, அக்காவைக் கேட்டுச் சொல்லுறன்."

அவர் இன்னும் சொல்லவில்லை. அக்கா 'போ' என்று சொல்லவே வேண்டாம், இன்னும் கனகாலம் இருந்து அவரைத் தன்னோடேயே மறித்து வைத்திருக்கட்டும் என்று நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.