என்ஜினீயருக்காகக் கட்டிய தார்ப்பாய்

“படிச்ச பிள்ளைலா, மனு நல்லா எழுதும். காரியத்தை முடிக்கதுக்கு வேற ஆளு வேணும்.”

எங்கள் வார்டு கவுன்சிலர் அண்ணாச்சி இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். இருவரும் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. அண்ணனும் பாதியில் நின்றவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு (கொஞ்சம் என்பது என் கணக்கு, அண்ணனைக் கேட்டால் வேறு சொல்லுவான்). அண்ணாச்சியின் பேச்சு அந்தத் தலையிலேயே குட்டியது போல இருந்தது. காரியத்தை முடித்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

காரியம் இதுதான். எங்கள் பேரூராட்சியின் நிதியில் அந்த வருடம் ஒரு வேலைக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று, சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்களை வரவேற்க ஊர் முகப்பில் விளக்கு வைத்த அலங்கார வளைவு. இல்லையென்றால், எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம். சாரல் தொடங்கிவிட்டால் அந்த அங்கன்வாடியில் டீச்சர் முதலில் வாளிகளை உட்கார வைப்பார். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் பிள்ளைகள்.

புதுக் கட்டடம் இல்லையென்றால் பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் மகன் முகிலன் அப்போது இந்த அங்கன்வாடியில்தான் இருந்தான்.

“சீசன்ல அந்த ரோட்டை நானே கடக்க முடியாது. பிள்ளையை யாரு கூட்டிட்டுப் போவா? நான் கடையை விட்டு நிக்க வேண்டியதுதான்” என்றாள் மதினி.

நான் மனு எழுதினேன். அதைப் பேரூராட்சிக் கூட்டத்தில் வாசித்தார்கள். என்ஜினீயர் நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும், அதை வைத்து முடிவு செய்யலாம் என்று சொன்னார்கள். அன்று என் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்கு ஓர் அதிகாரி வருவது அதுவே முதல் தடவை. அவர் வந்து நிற்கும் இடம் அழுக்காக இருந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

தெருவே கூடிவிட்டது. அண்ணன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். பாசி பிடித்த மூலையை மறைத்து அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாள். வாளிகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை. வாசலை அடைத்து ஒரு கோலம். தட்டில் ரம்புட்டான் பழமும் உளுந்தவடையும்.

“மழை வந்தா?” என்றார் டீச்சர்.

“நம்ம இடத்துக்கு வந்த மனுசன் மேல சொட்டினா அசிங்கம்லா” என்றாள் அம்மா.

உடனே நான் பந்தல்காரரிடம் பேசி, பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை வாடகைக்கு எடுத்து மொட்டை மாடி முழுக்க விரித்துக் கட்ட வைத்தேன். (இந்த இடத்தில் நிறுத்தி, நான் பட்டதாரி என்பதை இன்னொரு தடவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.)

என்ஜினீயர் கவுன்சிலர் அண்ணாச்சியோடு வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார்.

“நல்லா வச்சிருக்கீங்களே. என் பையன் படிக்கிற எல்கேஜி கூட இப்படி இல்ல.”

“சார், இது இன்னைக்கு மட்டுந்தான் சார். எப்பவும் ஒழுகும்” என்று சொல்லி, போனில் இருந்த படங்களைக் காட்டினேன்.

அவர் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது வேற கட்டடம் மாதிரி இருக்கேம்மா.”

அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நான் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக ஒரு கூரையைப் பார்த்ததில்லை. ஒரு சொட்டு விழவில்லை.

“ஒழுகலியேட்டி” என்றார் அண்ணாச்சி, வடையைக் கடித்துக்கொண்டே.

என் ரோஷம் பொங்கிவிட்டது. பின்பக்கம் ஓடி, ஏணியில் ஏறி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே ஒழுகும், உண்மை தெரிந்துவிடும் என்பது திட்டம். அதன் நடுவில் ஒரு குட்டிக் குளமே தேங்கி நின்றதை நான் யோசிக்கவில்லை. கூரையை வெளியிலிருந்து பார்க்கலாம் என்று என்ஜினீயர் அப்போதுதான் வாசலுக்கு வந்து நின்றதும் எனக்குத் தெரியாது. மொத்தத் தண்ணீரும் முன்பக்கமாகச் சரிந்து அவர் தலையில் இறங்கியது. காசு கொடுத்து அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குக்கூட அப்படி ஒரு குளியல் கிடைத்திருக்காது.

நான் கீழே இறங்கி வருவதற்குள் சாரலும் நின்றுவிட்டது, உள்ளே ஒழுகவே இல்லை. மதினி தன் துண்டை நீட்டினாள். முகிலன் மட்டும் கை தட்டி, “இன்னொரு தடவ, சார்” என்றான்.

“சார், இப்ப தெரியுதா சார்?” என்றேன். அந்த நிலைமையிலும் என் வாய் அடங்கவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். “நான் நனைஞ்சா கட்டடம் ஒழுகுதுன்னு எழுத முடியாதும்மா.”

கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்றுதான் எழுதினார். அடுத்த கூட்டத்தில் வளைவுக்கு ஒப்புதல் கிடைத்தது. பிள்ளைகள் மெயின் ரோட்டைக் கடந்தார்கள். மதினி அந்தச் சீசன் முழுக்க வேலைக்குப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போதும் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று யாராவது விளக்குமாற்றை எடுத்தால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவான். “ரொம்பப் பெருக்காதீங்கட்டி, நிதி ஒதுக்க மாட்டாங்க.” என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இதைச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கவில்லை. அம்மா மட்டும் காபித் தட்டோடு சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

நான் விடவில்லை. இந்த வருட நிதிக்கான பேச்சு தொடங்கியதும் மறு ஆய்வு கேட்டு மறுபடியும் மனுக் கொடுத்தேன். கவுன்சிலர் அண்ணாச்சியின் வாசலில் தினமும் போய் நின்றேன். என் தொல்லை தாங்காமல் அவரே கூட்டத்தில் எனக்காகப் பேசினார். அதே என்ஜினீயர் நாளைக் காலையில் வருகிறார். போனில், “குடை கொண்டு வாறேம்மா” என்றார்.

வாளிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய அங்கன்வாடி நடுவில் வைத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அவர் வருவதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.