தலையாட்டும் அண்ணாச்சியும் காந்தப் படிகமும்

உலகத்தில் தலையாட்டிகள் என்றொரு இனம் உண்டு. நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே இவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்குத் தலைமகன் கைலாசநாதன் அண்ணாச்சி. தாலுகா ஆபீசில் வந்த அதிகாரி ஒவ்வொருவரும் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆட்டி ஆட்டிப் பழகியவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். கழுத்து இன்னும் சர்வீசில் இருக்கிறது. வைத்தியர் மருந்தின் பெயரைச் சொன்னால் ஆட்டுவார். எலுமிச்சை விலை ஏன் சரிந்தது என்று புளியங்குடி வியாபாரி புலம்பினால் ஆட்டுவார். ரஷ்யாக்காரன் விட்ட ஸ்புட்னிக் வானத்தில் பறந்தபோது பேப்பரை விரிப்பதற்குள் ஆட்டிவிட்டார். கூடவே, “விளங்கிட்டு, மேல சொல்லும்.” மேலே சொன்னால் என்ன ஆகும்? அதைப் பார்த்தவன் ஒருத்தன்தான்.

ஸ்புட்னிக்குக்கு மறு வருஷம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவில் வந்த குற்றாலநாதன், பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு பாங்கு வேலைக்குப் போய்விடலாமா என்று மனம் உடைந்து வந்திருந்தான். வீட்டில் ‘காந்தம்’ என்று ஆரம்பித்தாலே எழுந்து போனார்கள். காப்பிக் கிளப்பில் அண்ணாச்சி எழுந்து போகவில்லை. ஆட்டினார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரும்பு ஆக்சைடு சேர்ந்த, மிளகளவு காந்தப் படிகம் ஒன்றை ஒரு குச்சி நுனியில் ஒட்டி, பெரிய மின்காந்தத்தின் நடுவே வைப்பானாம். ரேடியோ அலையைவிடக் குட்டையான ஓர் அலையை அதன்மேல் விட்டு, காந்த சக்தியை மெல்ல மெல்ல ஏற்றுவானாம். படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் பம்பரம்போல் சுழல்கின்றன. ஏதோ ஓர் அளவில் அந்தச் சுழற்சியும் அலையும் ஒத்துப்போக, படிகம் அலையை விழுங்கிவிடும். மீட்டர் ஊசி அங்கே இறங்கும். அந்த இடத்தைக் கொண்டு படிகத்தின் உள்குணத்தை அறியலாம். அண்ணாச்சி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆட்டு ஆட்டினார். ஆனால் இவன் படிகத்தை எடுத்து ஒட்டும்போதெல்லாம் ஊசி வேறு வேறு இடத்தில் இறங்குகிறது. பட்ட பாடெல்லாம் வீண்.

“விட்டுட்டு பாங்குக்குப் போயிரவா, அண்ணாச்சி?”

ஆட்டினார்.

“இல்ல, இன்னுங் கொஞ்சம் பாக்கவா?”

அதற்கும் அதே ஆட்டு.

பையன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். படிகத்தைத் திருப்பி ஒட்டினால் ஊசி இறங்கும் இடம் மாறும்லா என்று கேட்டான். ஆட்டினார். மாறாதுல்லா என்று கேட்டான். ஆட்டினார். பையன் முகம் வெளுத்தது. அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷ சர்வீசில் ஒரு தடவைகூடப் பிடிபடாதவர். இவன் வெளியே போய்ச் சொல்லிவிட்டால் ஊரில் இனி எவன் அவரிடம் வந்து பேசுவான்?

குற்றாலநாதன் மெதுவாகச் சொன்னான்: “நானும் இப்படித்தான் அண்ணாச்சி ஆட்டுனேன். எந்தத் திசை பாத்து ஒட்டணும்னு எங்க சாரு மொத நாளே சொன்னாரு. வெளங்கல. கேக்க வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் குத்துமதிப்பாத்தான் ஒட்டுதேன்.”

அண்ணாச்சி இதற்கும் ஆட்டினார்.

தபசுக்கு நிற்காமல் அன்றைக்கே ரயிலேறிய பையன், சாரிடம் போய் விளங்கவில்லை என்று சொல்லி, திட்டு வாங்கி, மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டான். இப்போது ஊசி ஒரே இடத்தில் இறங்குகிறதாம். “நாந்தாம்வே வழி சொன்னேன்” என்று அண்ணாச்சி காப்பிக் கிளப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சற்று முன் எலெக்ட்ரான் சுழன்றதே, படிகம் அலையை விழுங்கியதே, அந்த இடத்தில் உங்கள் கழுத்து என்ன செய்துகொண்டிருந்தது? எது எதோடு ஒத்துப்போனது, ஊசி ஏன் இறங்கியது என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால் சொல்லிவிடுவீர்களா?

பாருங்கள், மறுபடியும் ஆட்டுகிறீர்கள்.