ரோஸ் மாத்திரையின் பாடு

உலகத்தில் எல்லா மருத்துவமனைகளிலும் மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரையை நிறுத்துவதற்கென்றே ஒரு குழு வைத்திருந்த மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான். அது பொன்னேரியில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்தது. அதற்காக அந்தத் தாலுகாவே தலை நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும். நடக்க முடியவில்லை. சாலை அப்படி, குனிந்து பார்க்காமல் கால் வைத்தால் பள்ளம்.

குழுவின் முழுப்பெயர் ‘அறுவைக்கு முந்தைய மருந்து நிறுத்த ஒருங்கிணைப்பு உயர்மட்டக் குழு’. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்குத் தனியாக மயக்க மருந்து தேவைப்படாது என்பதால் ‘நிறுத்தக் குழு’ என்று சுருக்கியிருந்தார்கள். நோக்கம் உன்னதமானது. ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று என்று ஏற்கெனவே விழுங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். எதைக் கத்தி வைக்கும் காலையிலும் விழுங்கலாம், எதை அன்று மட்டும் விட வேண்டும், எதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அதை ஒரு டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார். அது நாகரிகம் வளராத காலம். இப்போது அதற்குப் படிவம் 7-அ வந்துவிட்டது. நாற்பத்திரண்டு கட்டங்கள். கீழே மூன்று கையெழுத்து: அறுவை நிபுணர் டாக்டர் மோகன்குமார், மயக்க மருந்து நிபுணர் டாக்டர் ஆபிரகாம், நிர்வாக அதிகாரி சீனிவாசன். மூவரும் படிவத்தைப் படித்து நேரத்தை வீணாக்குவதில்லை. ஒவ்வொருவரும் மற்ற இருவர் படித்திருப்பார்கள் என்று நம்பினார்கள். பரஸ்பர நம்பிக்கை இல்லாமல் எந்த நிறுவனமும் வளர்ந்ததில்லை.

படிவத்தை நிரப்பும் பொறுப்பு குழுவின் செயலாளர் இளவரசிக்கு. பகலில் வேலை, மாலையில் மருத்துவமனை நிர்வாகப் பட்டய வகுப்பு. எதையும் ஒழுங்காகச் செய்வாள். செய்தபின், ஒழுங்காகத்தான் செய்தோமா என்று சந்தேகப்படுவாள். மேசை டிராயரைப் பூட்டிவிட்டுத் திருப்பாலைவனம் பஸ்ஸில் ஏறி, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, திரும்பி நடந்து வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விகளை ஒரு நீல நோட்டில் எண் போட்டு எழுதி வைப்பாள். அதில் நூற்றுப் பதினேழு கேள்விகள் சேர்ந்திருந்தன. பதிலுக்கு விட்ட இடமெல்லாம் மிகச் சுத்தமாக இருந்தது.

இந்த நிலையில்தான் கோட்டைக்குப்பத்துச் சடையன் குடலிறக்கத்தோடு வந்து சேர்ந்தார். பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு அடைத்து, சென்னையில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர். பேச்சை எல்லாம் அவர் மனைவி குப்பம்மாள் பார்த்துக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடறாரும்மா?” என்று கேட்டாள் இளவரசி.

“மஞ்சா ஒண்ணு, வெள்ள ஒண்ணு, ரோஸ் ஒண்ணு.”

“பேரு?”

“சடையன்.”

“மாத்திரை பேரும்மா.”

“அதுங்களுக்கெல்லாம் நாங்க பேரு வெக்கலமா.”

இளவரசி டப்பாவிலிருந்த மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்து மூன்று பெயர்களையும் எழுதினாள். மஞ்சள் பிரஷருக்கு, வெள்ளை சர்க்கரைக்கு, ரோஸ் ரத்தம் கட்டாமல் இருக்க. எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு குழு கூடியது. சடையனும் குப்பம்மாளும் சுவரோரம் நிற்க அனுமதிக்கப்பட்டார்கள்.

“பிரஷர் மாத்திரையை அன்னைக்குக் காலையில ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கலாம்” என்றார் டாக்டர் ஆபிரகாம்.

“ஒரு வாய்னா எவ்வளவு? அளவு வரணும்” என்றார் டாக்டர் மோகன்குமார்.

“யாரோட வாய்னும் வரணும் சார். ஆடிட்ல கேப்பாங்க” என்றார் சீனிவாசன்.

இருபது நிமிட விவாதத்துக்குப் பின் ‘நோயாளியின் சொந்த வாய்’ என்று பதிவாயிற்று. சர்க்கரை மாத்திரையை அன்று காலை மட்டும் விட வேண்டும் என்பதில் ஒரு டீ செலவானது. ரோஸ் மாத்திரைக்கு மட்டும் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

“சரி சார். மறுபடி என்னிக்கு?” என்று கேட்டாள் குப்பம்மாள்.

மோகன்குமார் ஆபிரகாமைப் பார்த்தார். ஆபிரகாம் சீனிவாசனைப் பார்த்தார். சீனிவாசன் மின்விசிறியைப் பார்த்தார்.

“அம்மா, இது நிறுத்தக் குழு. நீங்க கேக்கறது மறுபடி ஆரம்பிக்கறதப் பத்தி. அது வேற பிரிவு” என்றார் சீனிவாசன்.

“அந்தப் பிரிவு எங்க கீது சார்?”

“இன்னும் தொடங்கல.”

இளவரசி நோட்டைத் திறந்து எழுதினாள்: கேள்வி 118. ரோஸ் மாத்திரை மறுபடி எப்போது? கேட்டவர்: குப்பம்மாள். எழுந்து தானும் ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தாள். மூன்று பெரியவர்களுக்குத் தோன்றாததா தனக்குத் தோன்றிவிடும் என்று உட்கார்ந்துவிட்டாள். பேனாவை மட்டும் இரண்டு முறை மூடித் திறந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் விஞ்ஞானமே ஆடிப்போனது. ‘நிறுத்தியதற்கான சான்று’ என்று மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வது சீனிவாசனின் கண்டுபிடிப்பு. நிறுத்திய நாளில் அட்டையில் ஒன்பது ரோஸ் மாத்திரைகள் இருந்ததாக இளவரசி குறித்திருந்தாள். இப்போது நான்கு இருந்தன. மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் நான்கு.

“ஐயா, போட்டுக்கிட்டீங்களா?”

“இல்லமா! பெரியபாளையத்தம்மா மேல ஆணையா, தொடக்கூட இல்ல.”

“அப்போ அஞ்சு மாத்திரை எங்க?”

“அத என் தம்பி பச்சமுத்து போட்டுக்கினான்” என்றாள் குப்பம்மாள், பெருமையோடு.

“அவருக்கும் நெஞ்சு வலியா?”

“அவனுக்கு இன்னா, கல்லு மாதிரி கீறான். இவரால போட முடியாதுன்னா அதுக்காவ இவரு பாடு சும்மா போவலாமா?”

இளவரசிக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒருவன் உடம்பு முடியாமல் படுத்தால் அவன் பாடு வீணாகாது. உறவுக்காரன் ஒருவன் அவனுக்காகப் போவான். சடையனின் பாட்டுக்குப் போவது வழக்கமாக மச்சான் பச்சைமுத்து. ரோஸ் மாத்திரைக்கும் அவரே போயிருக்கிறார்.

“அம்மா, மாத்திரையை அப்படி மாத்திக்கக் கூடாது…” என்று இளவரசி ஆரம்பித்தாள்.

“நோயாளி சாப்பிட்டாரா, இல்லையா?” என்று குறுக்கிட்டார் சீனிவாசன். “இல்லல்ல? அப்போ நிறுத்தினது நிறுத்தினதுதான். டிக் போடும்மா. தியேட்டர் காத்துக்கிட்டிருக்கு.”

‘நோயாளியின் மாத்திரைகளை மைத்துனர் உட்கொண்டதில் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று குறிப்பு எழுதப்பட்டது. மூன்று கையெழுத்து விழுந்தது. சடையன் உள்ளே போனார். ரத்தம் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். சீட்டில் வலிக்கு ஒரு மாத்திரை, புண் ஆற ஒரு மாத்திரை, மஞ்சளும் வெள்ளையும் வழக்கப்படி, ஒரு மாதம் வலை இழுக்கக் கூடாது என்று எல்லாம் தெளிவாக இருந்தது. ரோஸ் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நிறுத்தியதை நிறுத்தியவர்கள் மறந்துவிட்டார்கள். அவ்வளவு முழுமையாக நிறுத்தியிருந்தார்கள்.

அந்த மாதமே குழுவுக்குத் தரச்சான்று வரப்போவதாகச் செய்தி வந்தது. விண்ணப்பத்தோடு ஒரு ‘வெற்றிக் கதை’யும், படமும் வேண்டுமாம். சீனிவாசன் யோசிக்கவே இல்லை. “சடையன்! படகுல உக்காந்து சிரிக்கற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா.”

ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்றாம் நாள் இளவரசி பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைக்குப்பத்துக்கு நடந்தாள். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஒரு ஆள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி முழுக்கச் சிவப்பு.

“நான்தான் சிஸ்டர் பச்சமுத்து. காலைல நண்டு புடிச்சிருச்சு. மத்தியானம் ஆவுது, ரத்தம் நிக்க மாட்டேங்குது. பல்லு வெளக்குனாகூட வருது.”

“நீங்க இன்னும்… ரோஸ் மாத்திரை…?”

“ஒரு நாள் தவறல! மெடிக்கல்ல புது அட்டையும் வாங்கியாந்துட்டோம். மாமாவுக்காவ இதுகூடச் செய்யலைன்னா நான் இன்னா மச்சான்?”

அதற்குள் குடிசைக்குள்ளிருந்து சடையன் வெளியே வந்தார். புகைப்படம் என்றதும் வெள்ளைச் சட்டை மாட்டியிருந்தார். படகை நோக்கிப் பத்தடி நடந்திருப்பார். நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

“ஒண்ணும் இல்லமா, வாயு. நாலு நாளா நடந்தா இப்டித்தான் புடிக்குது.”

இளவரசி படம் எடுப்பதை விட்டாள். போனில் டாக்டர் ஆபிரகாமைப் பிடித்தாள். அவர் முதல்முறையாகக் கூட்டம் கூட்டாமல் ஒரு முடிவு சொன்னார். “ஆட்டோ பிடி. உடனே கூட்டிட்டு வா. பச்சைமுத்துவையும் சேர்த்துக் கூட்டிட்டு வா.”

ஆட்டோவில் சடையன் நடுவில், மனைவி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த இளவரசியால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

“ஏம்மா, ஆபரேஷன்தான் முடிஞ்சுடுச்சே. அவர் மாத்திரையை அவர்கிட்டயே குடுத்திருக்கக் கூடாதா?”

குப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க ஊர்ல ஒருத்தன் பாட்ட இன்னொருத்தன்கிட்ட குடுத்தா, என்னிக்குத் திரும்ப வாங்கணும்னு அதே கூட்டத்துல சொல்லிடுவாங்க. சொல்லாம ஒருத்தனும் எழுந்து போவ முடியாது. உங்க கூட்டத்துல நான் கேட்டேனா இல்லியா? சும்மாச் சொல்லக்கூடாதுமா, ஃபேனப் பாத்தாரு பாரு உங்க ஆபீசரு!”

“அக்கா, அவரு ஒடம்பப் பாரு. அப்பறம் சண்ட போடு” என்றார் பச்சைமுத்து, விரலை அழுத்திக்கொண்டு.

சடையன் தப்பித்தார். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் வெற்றிக் கதைக்கு மாலை போட்ட படம்தான் கிடைத்திருக்கும் என்று டாக்டர் ஆபிரகாம் மெதுவாகச் சொன்னார். ரோஸ் மாத்திரை அன்றைக்கே உரியவரின் சொந்த வாய்க்குத் திரும்பியது. பச்சைமுத்துவின் விரலில் ரத்தம் நிற்க நான்கு நாளாயிற்று.

சடையனைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாளே விசாரணைக் குழு கூடியது. நிறுத்தக் குழுவை விசாரிக்க நிறுத்தக் குழுவை விடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை என்பதால் அதே மூவர். படிவம் 7-ஆ. கட்டங்கள் மூன்றே மூன்று: நடந்தது, காரணம், காரணத்துக்கு உரியவர்.

“காரணம், அறியாமை” என்றார் சீனிவாசன். “உரியவர்கள்: நோயாளி, மனைவி, மைத்துனர். எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுடறோம். சான்றிதழ்க்காரங்களுக்குச் சாயங்காலத் தபால்ல போயாகணும்.”

இளவரசி தன் மேசைக்கு வந்தாள். காரணம் என்ற கட்டத்தில் ‘அறியாமை’ என்று எழுதினாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. நோட்டைத் திறந்து கேள்வி 118-ஐப் படித்தாள். கேட்டவர்: குப்பம்மாள். கேட்கத் தெரிந்தவளை அறியாதவள் என்று எழுத முடியாது. அவள் பெயரை விட்டாள். சடையன் சொன்னதைச் சொன்னபடி செய்தவர், அவரையும் விட்டாள். பச்சைமுத்துவைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவே இல்லை, அவர் பெயரையும் விட்டாள். மிச்சம் இருந்தவர்களைப் பதவி வரிசைப்படி எழுதினாள்: டாக்டர் மோகன்குமார், டாக்டர் ஆபிரகாம், திரு. சீனிவாசன். ஒரு நிமிடம் யோசித்து, கடைசியில் இளவரசி.

சீனிவாசன் போனில் பேசியபடியே கையெழுத்திட்டார். மோகன்குமார் தியேட்டருக்குப் போகும் வழியில், சுவரில் வைத்துப் போட்டார். ஆபிரகாம் மட்டும் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. போட்டுவிட்டார்.

இளவரசி சீல் வைத்து, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்தாள். அன்று திருப்பாலைவனம் பஸ்ஸில் ஏறியவள் இரண்டு நிறுத்தம் தாண்டியும் இறங்கவில்லை. சரிபார்க்க ஒன்றும் பாக்கி இல்லை. அந்த மருத்துவமனையின் வரலாற்றில், பிழையே இல்லாமல் நிரப்பப்பட்ட முதல் படிவம் அது.